கிரயத்தில் எழுதாத நாய்

லாரியிலிருந்து அம்மிக்கல்லை இறக்கிக்கொண்டிருந்தபோது அந்த நாய் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தது. செவலை நிறம், வயிறு மட்டும் வெள்ளை. வால் நேராக நிற்காமல் இடப்பக்கமாகக் கோணியிருந்தது. சோணையம்மாள் கையிலிருந்த விளக்குமாற்றை ஓங்கினாள். நாய் அவளைப் பார்க்கவேயில்லை. லாரிக்கு அந்தப் பக்கம் நின்று கூலியாட்களை ஏவிக்கொண்டிருந்த அவள் புருஷன் பூமிநாதன்மேல் போய் விழுந்தது. முன்கால்களை அவன் இடுப்பில் ஊன்றி, வெள்ளை வேட்டியை மண்ணாக்கி, மூச்சுக்கு மூச்சு முனகி, கடைசியில் அவன் காலடியில் மல்லாந்து படுத்துச் சந்தோஷம் தாங்காமல் மூத்திரம் விட்டது.

பூமிநாதன் அதன் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டான். "எங்கிட்டு இருந்து வந்துச்சு இந்தச் சனியன்" என்றான்.

நாய் எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்று, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது.

"வீட்டுல இருந்தவுக விட்டுட்டுப் போயிருப்பாக போல" என்றாள் சோணையம்மாள்.

"இருக்கும். கொழும்புக்குப் போறவுக நாயையா தூக்கிட்டுப் போவாக."

"உங்க மேல வந்து இம்புட்டுப் பிரியமா விழுகுதே."

"ஆளில்லாத வீட்டுல பட்டினி கெடந்திருக்கும். எவன் வந்தாலும் விழுகும்."

ஆனால் கூலியாள் ஒருவன் பானையோடு வாசற்படி ஏறப் போனபோது அதே நாய் பல்லைக் காட்டி உறுமி அவனைப் படியிலேயே நிறுத்திவிட்டது. சோணையம்மாள் அதைக் கவனித்தாள். கவனித்ததோடு சரி. அன்றைக்கு அவளுக்கு வேறு துக்கம் இருந்தது.

ஐம்பத்தேழாம் வருஷத்து ஆவணி மாசம் அது. சிக்கலில் அவளுடைய அய்யா அவள் பேருக்கு எழுதிவைத்திருந்த மூன்று ஏக்கர் மிளகாய்க் கொல்லை சித்திரையில் கைமாறியிருந்தது. அந்தப் பணத்தில்தான் தொண்டியில் இந்த வீட்டை வாங்கியதாகப் பூமிநாதன் சொல்லியிருந்தான். அவன் வத்தல் வியாபாரி. சிக்கல், கடலாடிப் பக்கத்து மிளகாய் வத்தலை மூட்டை பிடித்துத் தொண்டித் துறையில் தோணி ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறவன். பன்னிரண்டு வருஷமாக மாசத்தில் பாதி நாள் தொண்டியில், பாதி நாள் சிக்கலில். ஒரே மகள் பஞ்சவர்ணத்தைப் பரமக்குடியில் கட்டிக்கொடுத்த பிறகு, இனி எதற்கு இரண்டு அடுப்பு என்று ஆரம்பித்தான். சோணையம்மாள் ஒரு மாசம் பிடிவாதமாக இருந்தாள். கொல்லையில் நின்று பார்த்தால் ஊருணிக் கரை வரைக்கும் அவளுடைய செடிகள்தான். அய்யா போட்ட வேலி. பிறகு ஒரு நாள் கடலாடிக்குப் போய்ப் பத்திரத்தில் அவன் காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்துவிட்டு வந்தாள்.

வீடு நல்ல வீடுதான். கொழும்பில் சம்பாதித்தவன் கட்டியது என்று சொன்னார்கள். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் கீற்று. சுவரில் பதித்த கண்ணாடி அலமாரி. கிணற்று நீர் உப்புக் கரித்தது. கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் அதன் கவிச்சி அடுப்படி வரைக்கும் வந்தது. அந்தத் தெருவில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. பக்கத்து வீட்டு மலிகா மட்டும் குட்டைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்னக்கா, சமைச்சாச்சா" என்று கேட்பாள். அவள் புருஷன் ஹாஜா முகைதீன் சொந்தத் தோணி வைத்து உப்பும் கருவாடும் ஏற்றிக் கரையோரமாகப் போய்வருகிறவர். மலிகா நாயைத் தொட மாட்டாள். அவர்கள் மார்க்கத்தில் ஆகாது. ஆனால் மீன் ஆய்ந்த தலையையும் செதிலையும் சுவருக்கு இந்தப் பக்கம் எறிவாள். நாய் அவள் குரலுக்கே வந்து நின்றது.

பகல் முழுக்கச் சோணையம்மாளுக்கு அந்த நாய்தான் துணை. கடைக்குப் போனால் கூடவே வந்தது. அவள் திரும்பி வரும் வரை கடை வாசலில் நின்றது. பழைய சோற்றில் குழம்பு ஊற்றி வைத்தால் அவள் "தின்னு" என்று சொன்ன பிறகுதான் வாய் வைக்கும். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "ஏலே" என்றே கூப்பிட்டாள். மகள் போன பிறகு பேசுவதற்கு ஆளில்லாமல் இருந்தவள், கீரை ஆயும்போது அதனிடம் பேசினாள். சிக்கல் கொல்லையைப் பற்றிச் சொன்னாள். அது காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டு கிடந்தது.

சாயங்காலம் ஆனால் அவளை விட்டுவிடும். தெரு முனைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பூமிநாதனின் சைக்கிள் வளைவில் திரும்பியதும் ஓடிப் போய்ச் சக்கரத்தோடு சக்கரமாக வீடு வரைக்கும் வரும். அவன் குனிந்துகூடப் பார்க்க மாட்டான். கால் எட்டினால் எத்துவான். ஐப்பசியில் ஒரு நாள் வத்தல் லாரியில் கட்டிப் போட்டுத் திருவாடானைக்கும் அப்பால் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான்.

"ஊர்ல ஆயிரம் நாய் இருக்கு. இது ஒண்ணு உங்கள என்ன செஞ்சுச்சு" என்று கேட்டாள்.

"வீட்டுக்கு நாய் வேணும்னா குட்டியா ஒண்ணு பிடிச்சுத் தாரேன். அடுத்தவன் வளத்தது நமக்கு எதுக்கு."

மூன்றாம் நாள் காலையில் அவள் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது அது படியில் கிடந்தது. பாதம் நாலும் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அவள் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசினாள். பூமிநாதன் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தான். நாய் எழுந்திருக்க முடியாமல் படுத்தபடியே அவனைப் பார்த்து வாலைத் தரையில் தட்டியது. அவன் உள்ளே போய்விட்டான்.

கார்த்திகையில் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூமிநாதன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். மீன்காரி ஒருத்தி கூடையோடு தெருவில் வர, அவள் பின்னாலேயே வந்த கடற்கரை நாய்கள் இரண்டு வாசலில் ஏறின. செவலை நாய் அவற்றில் ஒன்றின் கழுத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கவ்வப்பட்டது வீல் வீல் என்று கத்த, மீன்காரி கூடையைப் போட்டுவிட்டுக் கூச்சல் போட, சோணையம்மாள் விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அடித்தும் விடவில்லை. எச்சில் கையோடு வெளியே வந்த பூமிநாதன், "சுக்கான், விட்டுரு" என்று ஓர் அதட்டல் போட்டான்.

நாய் உடனே விட்டது. வாலைத் தாழ்த்திக்கொண்டு வந்து அவன் காலடியில் உட்கார்ந்தது.

அவன் கை கழுவ உள்ளே போனான். சோணையம்மாள் விறகுக்கட்டையோடு வாசலிலேயே நின்றாள். சுக்கான் என்றால் தோணியைத் திருப்புகிற கட்டை என்று அவளுக்கு மலிகா சொல்லித் தெரியும். கோணல் வாலுக்குப் பொருத்தமான பேர்தான். நாலு மாசமாக அந்த வீட்டில் அந்தப் பேரை ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் அவன் போன பிறகு அவள் அடுப்படியிலிருந்து, "சுக்கான்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நாய் பாய்ந்து உள்ளே வந்தது. அவளைத் தாண்டிப் போய்ப் பின்கட்டு அறையை மோந்து, கிணற்றடியைச் சுற்றி, மறுபடி அறைக்கு வந்து, யாரையோ காணாமல் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. சோணையம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுக் குட்டைச் சுவருக்குப் போனாள்.

"மலிகா, இந்த நாய்க்கு யாரு பேரு வச்சது?"

"முன்ன இருந்தவுகதான்க்கா."

"முன்ன இருந்தவுகன்னா யாரு? கொழும்புக்காரர்னாக."

மலிகா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். "கொழும்புக்காரர் மவுத்தாகி எட்டு வருசமாச்சே. அவரு சம்சாரம் ராமலெட்சுமிதான் இருந்தாக."

"எங்க வீட்டுக்காரர இதுக்கு முன்னாடி இங்கன பாத்திருக்கியா நீ?"

மலிகா உள்ளே போகத் திரும்பினாள். சோணையம்மாள் அங்கேயே நின்றாள். மலிகா திரும்பி வந்து சொன்னாள்: "நாங்க ஒருத்தர் குடும்பத்துல பேசறதில்லக்கா. அல்லாவுக்காக என்னைய மேல கேக்காதீங்க."

"நாயி எப்ப வந்துச்சு, அத மட்டும் சொல்லு."

"குட்டியா வந்துச்சு. அஞ்சு வருசம் இருக்கும்." மலிகா தரையைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரருதான் கோணிப்பையில போட்டுக் கொண்டாந்து குடுத்தாக. அந்தம்மா தனியா இருக்காகன்னு."

அன்று சாயங்காலம் பூமிநாதன் வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது சோணையம்மாள் கேட்டாள். அவன் மறுப்பான் என்று நினைத்திருந்தாள். அவன் மறுக்கவில்லை. சட்டையை உதறி மாட்டிவிட்டு, "இருந்துச்சு. இப்ப இல்ல" என்றான். "வீட்டுக்கு உள்ள விலையக் குடுத்து அனுப்பியாச்சு. அதெல்லாம் வேணாம்னுதான உன்னையக் கொண்டாந்து இங்கன வச்சிருக்கேன்."

"அவ இருந்த வீட்டுலயா?"

"வீடு என்ன செய்யும். சுவரும் ஓடும்தான."

அவளுக்கு அழுகை வரவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து வீட்டில் பேரப்பிள்ளையை எதிர்பார்க்கும் வயதில் எந்த முகத்தோடு அழுவது என்று இருந்தது. வந்த நாளிலிருந்து அந்தப் பின்கட்டு அறையில்தான் அவளும் பூமிநாதனும் படுத்துவந்தார்கள். அன்றிலிருந்து அடுப்படியில் பாயைப் போட்டுக்கொண்டாள். பூமிநாதன் ஏன் என்று கேட்கவில்லை. நாயிடம் பேசுவதையும் நிறுத்தினாள். சோறு வைத்தாள், தின்னு என்று சொன்னாள். அவ்வளவுதான். தன்னிடம் வாலாட்டியதெல்லாம் இன்னொருத்தி கற்றுக்கொடுத்த வாலாட்டல் என்று தோன்றியது.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். வெயில் உச்சிக்கு வந்த நேரம். வாசலில் படுத்திருந்த சுக்கான் திடீரென்று எழுந்து நின்றது. காது விறைத்தது. பிறகு அது போட்ட சத்தத்தைக் குரைப்பு என்று சொல்ல முடியாது. சோணையம்மாள் வெளியே வந்தபோது, தெருவில் ஒரு பெண் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். நாய் அவள் தோளில் கால் போட்டு, முகத்தை, காதை, கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெளுத்த நீலச் சேலை. பஸ்ஸில் வந்த புழுதி காலில் அப்பியிருந்தது. கையில் ஒரு துணிப்பை.

யாரென்று கேட்கத் தேவையில்லை. ஆனாலும் கேட்டாள். "யாரு நீ?"

"ராமலெட்சுமி." அவள் எழுந்து நின்றாள். "அவுக இருக்காகளா?"

"இல்ல."

"நீங்க சிக்கல் அக்காவா?"

"என்னைய அக்கான்னு கூப்பிடாத."

ராமலெட்சுமி வீட்டைப் பார்த்தாள். கூரையை, கதவை, கதவுக்குப் பின்னால் தெரிந்த கண்ணாடி அலமாரியை. "தேவிபட்டினத்துல ஒரு தோணிக்காரர் சொன்னாரு, பூமிநாதன் பொண்டாட்டியோட குடியிருக்காருன்னு. நான் நம்பலை. கண்ணால பாத்துட்டு வருவோம்னு வந்தேன். இது என் வீடு."

"வித்துட்டுப் போனவளுக்கு என்ன வீடு?"

"விக்கலையே."

அதை அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் சோணையம்மாளும் சத்தம் போட்டிருப்பாள். ராமலெட்சுமி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். பேசிப் பேசி அவளுக்கே அலுத்துப் போன விஷயம் போலத் தொடர்ந்தாள். செத்துப்போன புருஷனுடைய பங்காளிகள் வீட்டைக் கேட்டு நோட்டீஸ் விட்டார்கள். பூமிநாதன்தான், என் பேருக்குக் கிரயம் எழுதி வைத்துவிடு, ஒருத்தனும் தொட முடியாது, ரெண்டு மாசம் உன் அக்கா வீட்டில் போய் இரு, சத்தம் அடங்கியதும் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொன்னான். அவள் கைநாட்டு வைத்தாள். "அஞ்சு வருசம் சோறு போட்ட மனுசனத்தான நம்புனேன். கையில ஒத்தக் காசு வாங்கலை. நாயக்கூட, இங்கனயே கெடக்கட்டும், நான் பாத்துக்கிறேன்னாக. ஆறு மாசமாச்சு. ஒரு காயிதம் இல்ல."

சோணையம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்குக் காசு கொடுக்கவில்லை என்றால் சிக்கல் கொல்லை எங்கே போனது? அய்யா போட்ட வேலி எங்கே போனது? நானும் உன்னைப் போலத்தான் கைநாட்டு வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவளிடமா சொல்வது என்று விழுங்கிக்கொண்டாள். வெயிலில் நின்றவளுக்கு ஒரு செம்பு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"பாத்துட்டேல்ல. கெளம்பு" என்றாள்.

ராமலெட்சுமி நாயின் தலையில் கை வைத்தாள். "நாயக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"அது வீட்டோட வந்தது."

"பத்திரத்துல நாயி எழுதலையே."

"எழுதாட்டியும் வீட்டோட வந்ததுதான்."

சொல்லிக்கொண்டே சோணையம்மாள் கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்தாள். அஞ்சு மாசம் சோறு போட்ட உரிமையில் நாயின் கழுத்தைப் பிடித்தாள். அது திமிறியது. இழுத்தாள். சுக்கான் திரும்பி அவள் மணிக்கட்டைக் கவ்வியது. பல் இறங்கி ரத்தம் கசிந்தது. அவள் விடவில்லை. கடிபட்ட கையாலேயே கயிற்றைச் சுற்றித் தூணில் முடிச்சுப் போட்டாள்.

"கடிக்காதடா. விட்டுரு" என்றாள் ராமலெட்சுமி. நாய் வாயை எடுத்தது.

பிறகு அவள் நாயைப் பார்க்காமல் திரும்பி நடந்தாள். தெரு முனை திரும்பும் வரைக்கும் சுக்கான் கயிற்றை இழுத்துத் தொங்கியது. அதன் பிறகு ஊளையிட ஆரம்பித்தது. மலிகா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துணியைக் கிழித்துச் சுவரின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். சோணையம்மாள் அதை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

பூமிநாதன் வந்ததும் நாய் கட்டிக் கிடப்பதையும் அவள் கையையும் பார்த்தான். "வந்தாளா?" என்றான்.

"வந்தா."

"என்ன கேட்டா?"

"நாயக் கேட்டா."

"குடுத்துவிட்டிருக்க வேண்டியதுதான. தொந்தரவு ஒழிஞ்சிருக்கும்."

சோணையம்மாள் அவனையே பார்த்தாள். "என் கொல்லைய வித்த பணம் எங்க?"

அவன் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான். குடித்து முடித்துச் செம்பைக் கவிழ்த்து வைத்தான். "போன வருசம் கொழும்புக்குப் போன சரக்கு மழையில நனைஞ்சு பூசணம் பூத்துப் போச்சு. கடன்காரன் மண்டி வாசல்ல வந்து உக்காந்துட்டான். நான் என்ன செய்ய? உனக்குத்தான் வீடு இருக்குல்ல. நிலத்துக்கு வீடு சரியாப் போச்சு."

"யாரு வீடு?"

"பத்திரம் என் பேர்ல இருக்கு. அப்ப யாரு வீடு?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு கணக்கை விளக்குகிறவன் மாதிரி சொன்னான்.

சுக்கான் சோற்றைத் தொடவில்லை. முதல் நாள் ஊளையிட்டது. இரண்டாம் நாள் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது. சோணையம்மாள் குழம்பு ஊற்றி வைத்தாள், மீன் அவித்து வைத்தாள். "தின்னு" என்றாள். அவள் பக்கமே திரும்பவில்லை. பூமிநாதன் சைக்கிளில் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. அவன் அதைத் தாண்டிப் போனான். நாலாம் நாள் எறும்பு அதன் கண்ணோரத்தில் ஏறியது. அதைத் தட்டக்கூட அது தலையை அசைக்கவில்லை. சோணையம்மாள் தன் விரலால் எறும்பைத் தள்ளிவிட்டாள். இவ்வளவு நாள் தனக்கு நடந்ததெல்லாம் அடுத்தவர்கள் செய்தது. இது ஒன்று தான் செய்தது என்று அவளுக்குப் பட்டது. எழுந்து சுவருக்குப் போனாள்.

"மலிகா, உங்க வீட்டுக்காரர் தேவிபட்டினம் எப்பப் போறாக?"

மறுநாள் விடியலில் தோணி கிளம்பியது. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஹாஜா முகைதீன் முதலில் தயங்கினார். பிறகு, "ஏத்துங்க. திரும்பி வந்து மண்ணுப் போட்டு ஏழு தடவ கழுவிக்கிறேன். பலகைதான" என்றார். சோணையம்மாள் முன்னால் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் நாயை மடியில் போட்டு உட்கார்ந்தாள். அதற்கு முன் அவள் தோணியில் ஏறியதில்லை. வாடைக் காற்றில் தெறித்த தண்ணீர் நாயின் முகத்தில் படாமல் முந்தானையால் மூடினாள். குமட்டியது. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஹாஜா முகைதீன் அவள் பக்கம் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

தேவிபட்டினத்தில் ராமலெட்சுமி இருந்தது அக்கா வீட்டில்கூட இல்லை. அக்கா வீட்டுக்காரருக்கு அவள் சங்கதி தெரிந்துபோய், கயிறு திரிக்கிற கொட்டகையின் ஓரத்தில் சார்ப்பு இறக்கித் தந்திருந்தார்கள். அவள் கை முழுக்க நார். நாயைத் தூக்கிக்கொண்டு வந்த சோணையம்மாளைப் பார்த்ததும் எழுந்தாள். சோணையம்மாள் நாயைத் தரையில் இறக்கினாள். அது கால் தள்ளாட நாலடி நடந்து ராமலெட்சுமியின் பாதத்தில் மூக்கை வைத்துப் படுத்தது. ராமலெட்சுமி சிரட்டையில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அது குடித்தது.

அது குடிக்கிற சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நாயக் குடுத்துட்டா வீடு உங்களுதுன்னு ஆயிருமா?" என்றாள் ராமலெட்சுமி.

சோணையம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. தலை இன்னும் கடலில் ஆடுவதுபோல இருந்தது. உட்கார் என்று யாரும் சொல்லாமலே ஒரு நார்க்கட்டின் மேல் உட்கார்ந்தாள். "நானும் கைநாட்டு வச்சேன்" என்றாள். கொல்லையைப் பற்றிச் சொன்னாள். நனைந்த வத்தலைப் பற்றிச் சொன்னாள். ராமலெட்சுமி நாரைத் திரித்துக்கொண்டே கேட்டாள். அவள் முகம் இளகவில்லை.

"நீ கோர்ட்டுக்குப் போ" என்றாள் சோணையம்மாள். "கொல்லைப் பணத்துலதான் வீடு வாங்குனேன்னு அவுக அங்கன சொல்லுவாக. இல்ல, அந்தப் பணம் கடனுக்குப் போச்சு, அவுக வாயாலயே சொன்னாகன்னு நான் வந்து சாட்சி சொல்றேன்."

"சொல்லிட்டு எங்கன போவீக?"

"எங்கயாச்சும்."

"சத்தியமா வருவீகளா?"

"என் மக மேல சத்தியம்" என்றாள் சோணையம்மாள்.

ராமலெட்சுமி கேஸ் போட்டாள். காதில் கிடந்த கடைசித் தோட்டை விற்றுத்தான் போட்டாள் என்று ஹாஜா முகைதீன் வந்து சொன்னார். சோணையம்மாள் பயந்ததுபோலப் பூமிநாதன் அடிக்கவில்லை, வையவில்லை. வக்கீல் வைத்தான். சாட்சிச் சம்மன் அவள் பேருக்கு வந்தபோது அதை அவளிடமே கொடுத்தான்.

விசாரணை புரட்டாசியில் வந்தது. அன்று காலை சோணையம்மாள் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டு நின்றாள். பூமிநாதன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் சொன்னான்: "பஞ்சவர்ணத்துக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்கு நாள் பாத்திருக்காக. அவ மாமனாரும் ராமநாதபுரம் கோர்ட்டுல குமாஸ்தாவோட நின்னு பேசற ஆளுதான். சம்பந்தகாரி கூண்டுல ஏறி, என் புருசன் அவள வச்சிருந்தான்னு சொன்னா, ராத்திரிக்குள்ள பரமக்குடிக்குப் போயிரும். புள்ளையத் திருப்பி அனுப்புனா நான் கூட்டிட்டு வந்துருவேன். நீ பாத்துக்க."

அவன் சைக்கிளில் ஏறிப் பஸ் நிலையத்துக்குப் போனான். அவள் வாசற்படியில் நின்றாள். எட்டு மணி பஸ் போகும் சத்தம் கேட்டது. பத்து மணி பஸ் இருக்கிறது என்று நினைத்தாள். அதற்குள் மலிகா சுவருக்கு வந்து, "நீங்க போகலையாக்கா?" என்று கேட்டாள். சோணையம்மாள் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள். பத்து மணி பஸ்ஸும் போனது. அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் பூமிநாதன் வந்தான். கையில் இலையில் கட்டிய பக்கோடாப் பொட்டலம் இருந்தது. சாட்சி வரவில்லை என்று கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டார்களாம். "கோர்ட்டு வாசப்படியிலயே நின்னுக்கிட்டு இருந்தா. ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டு" என்றான். யாரைச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

அவள் இலை போட்டாள். சோறு வைத்தாள். அவன் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அவள் பக்கம் நகர்த்தினான். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்துத் தின்றாள்.